சாமி சொன்னாத்தான் மார்க் போகும்

சுபலட்சுமி எம்புட்டு நல்ல மார்க் வாங்கியிருந்தா என்ன? அது அமெரிக்கா போய்ச் சேரணும்னா, செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் இருக்கிற குலசாமி தலையாட்டணும். அவ அப்பா அழகுபாண்டி வீட்டு நிலைமை அப்படி ஆகிப்போச்சு.

அமெரிக்கக் காலேஜுல சேர எழுதுற பரீட்சை அது. மார்க்கை நாமளே கவர்ல போட்டு அனுப்பினா செல்லாது. பரீட்சை நடத்துனவங்கதான் நேரடியா அனுப்புவாங்க. எந்தக் காலேஜுக்குன்னு நாம போன்ல தட்டிச் சொல்லணும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள தட்டலேன்னா சுபா ஆசைப்பட்ட காலேஜு இந்த வருசம் கிடையாது.

மறிச்சு நின்னது அம்மாக்காரி தாமரைச்செல்விதான். "ஒத்தப் பொம்பளப் பிள்ளை. காய்ச்சல்னு படுத்தா அங்க யாரு கஞ்சி வச்சுக் குடுப்பா? கோயில்ல பூக்கட்டிப் பாப்போம். வெள்ளைப் பூ வந்தா போகட்டும். சிவப்பு வந்தா பேச்சே கிடையாது." வெள்ளைக்கு ஒன்னு, சிவப்புக்கு ஒன்னுன்னு பொட்டலம் ரெண்டையும் தானே கட்டுவேன்னுட்டா.

அங்கதான் அழகுபாண்டிக்குச் சந்தேகம் வந்துச்சு. இத்தனை வருசம் குடும்பம் நடத்துன மனுசனுக்குத் தெரியாதா? பிடிவாதம்னு வந்துட்டா ரெண்டுலயும் செவ்வரளியை வச்சுக் கட்டிருவா மகராசி! சிம்மக்கல்ல கடை போட்டு ஊரையே அதட்டுற ஆளு, பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னா மட்டும் நாக்கு ஒட்டிக்கிரும். லோடு வருதுன்னு பொய் சொல்லி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வண்டியை விட்டாரு. மல்லிகை வாங்கி, கடையில உக்காந்து, வாழையிலைத் துண்டுல ரெண்டு பொட்டலம் கட்டுனாரு. ரெண்டும் வெள்ளை. "சாமி, பிள்ளை முகத்துக்காக மன்னிச்சுக்க"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

கோயில்ல தாமரைச்செல்வி தேங்காய் எடுக்கத் திரும்புன நேரம் பாத்து, தட்டுல இருந்ததை மாத்திட்டாரு. அவ கட்டுனது சட்டைப் பைக்குள்ள போயிருச்சு.

பூசாரி பேயாண்டி ரெண்டு பொட்டலத்தையும் சாமி காலடியில குலுக்கிப் போட்டு, ஒன்னை எடுத்து சுபா கையில குடுத்தாரு. பிரிச்சா. வெள்ளை!

"அப்பா!"ன்னு ஒரு கத்து. சிக்னல் தேடிப் புளியமரத்தடிக்கு ஓடுனா. "போயிருச்சுப்பா, மார்க் போயிருச்சு!" அழகுபாண்டிக்குக் கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருச்சு.

பக்கத்துல வந்து நின்னா தாமரைச்செல்வி. "என்னங்க, நான் கட்டுனது நம்ம வீட்டு நந்தியாவட்டை. சாமி மல்லிகையா மாத்திக் குடுத்துட்டாரோ?"

குப்புன்னு வேர்த்துருச்சு. மாட்டிக்கிட்ட மனுசன் என்ன செய்வாரு, பையில இருந்ததை எடுத்துப் பிரிச்சாரு. நந்தியாவட்டை. இன்னொன்னையும் பிரிச்சாரு. அதுலயும் அதே வெள்ளை நந்தியாவட்டை.

"ஏத்தா... நீதான வேண்டாம்னு நின்ன?"

"போயிட்டு வான்னு சொல்ல வாய் வரலைங்க. அதான் சாமியைச் சொல்லச் சொன்னேன்." முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டா. "ஆனா நீங்க என்னை அம்புட்டுத்தான் நம்புனீங்க, இல்ல?"

அழகுபாண்டி உள்ளங்கையில கிடந்த நந்தியாவட்டையை எடுத்து, பூசாரி பாக்க, பெத்த மக பாக்க, பொண்டாட்டி தலையில வச்சுவிட்டாரு.