ஓரெஸ்ட் பதியாத துப்பாக்கி

காபிக் கடையின் நீள மேசையில் தினமும் காலையில் பகடை உருளும். தோற்றவன் எல்லோருக்கும் காபி வாங்கித் தர வேண்டும். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் கோதுமை விளையாத ஊர்கூட இருக்கலாம், இந்த வழக்கம் இல்லாத ஊர் கிடையாது. ஓரெஸ்ட் ஹவ்ரிலுக் மட்டும் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே பாட்டைப் பாடுவான்.

"வாத்து சுடுற துப்பாக்கிக்குக்கூட அரசாங்கப் பதிவேடாம். நூறு கோடி டாலர் செலவாம். கொள்ளைக்காரன் வரிசையில நின்னு பதிவு பண்ணுவானா? என் துப்பாக்கிய நான் பதியல, பதியவும் மாட்டேன்."

எட்டு வருஷமாக இதே பேச்சு. ஊரில் அதற்கொரு மரியாதையும் இருந்தது.

அந்த மரியாதைக்கு அறுவடை சமயத்தில் ஆபத்து வந்தது. டிராக்டர் கொட்டகையில் வைத்திருந்த ரைஃபிளை எவனோ களவாடிப் போய்விட்டான். புகார் கொடுத்தால் பதியாத குட்டு வெளிப்படும். கொடுக்காவிட்டால் துப்பாக்கி போனது போனதுதான். பத்தொன்பது வயதில் தன் பன்றிகளை விற்று வாங்கிய ரைஃபிள் அது. பண்ணையில் வங்கிக்குப் பங்கில்லாத பொருள் அது ஒன்றுதான். ஓரெஸ்ட் புகார் கொடுக்கவில்லை. மனைவி அடலினிடம் மட்டும் சொன்னான். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "அப்படியா?" என்றாள்.

மான் வேட்டை தொடங்க ஒரு வாரம் இருந்தபோது போலீஸ்காரி திபோ காபிக் கடைக்குள் வந்தாள். ஆண்கள் மேசையைத் தாண்டி, பெண்கள் மேசையில் இருந்த அடலினிடம் போனாள்.

"அம்மா, உங்க ரைஃபிள் கிடைச்சிருச்சு. ஒரு திருடனோட வண்டியில இருந்துச்சு. நம்பரைப் பதிவேட்டுல தட்டினோம், உங்க பேர் வந்துச்சு."

பகடை உருட்டிய ஓரெஸ்டின் கை அப்படியே நின்றது.

போன குளிர்காலத்தில் அடலின் முடியைச் சுருட்டிக்கொண்டு சின்னப் படம் ஒன்று எடுத்தது ஓரெஸ்டுக்கு நினைவு வந்தது. ஹவாய் போகப் பாஸ்போர்ட் எடுக்கிறாள், செலவு வரப்போகிறது என்று பயந்து, அவன் இரண்டு வாரம் அவள் கண்ணில் படாமல் திரிந்தான். ரைஃபிளைத் தன் பேரில் பதிய அவள் வாங்கிய துப்பாக்கி உரிமத்துக்கான படம் அது என்று இப்போதுதான் புரிந்தது.

"என்னோடதா?" என்றாள் அடலின். "எங்க வீட்ல பதிஞ்ச துப்பாக்கியே கிடையாதும்மா. என் வீட்டுக்காரர் சொல்லாத நாளில்ல. அவர் பொய் பேசமாட்டார், கேட்டுப் பாரு."

திபோ ஓரெஸ்ட் பக்கம் திரும்பினாள். "துப்பாக்கிக் கட்டையில ஓ.எச்.னு செதுக்கியிருக்கு. உங்களுது இல்லேன்னா சொல்லிருங்க, உருக்கப் போயிரும்."

ஓரெஸ்டின் காது சிவந்தது. எட்டு வருஷத்து வீராப்பு ஒரு பக்கம், ரைஃபிள் மறு பக்கம். அது உலையில் உருகும் காட்சியை அவனால் தாங்க முடியவில்லை.

"பதிஞ்சதுதான்," என்றான் கோப்பையைப் பார்த்து.

"சத்தமாச் சொல்லுடா, ஒட்டாவால இருக்கிற அரசாங்கத்துக்குக் கேக்க வேணாமா?" என்றான் பக்கத்திலிருந்த வால்டர்.

"பதிஞ்சதுதான். எங்களோடது."

அடலின் புருவத்தைத் தூக்கினாள்.

"சரி, அவளோடது."

மேசையே குலுங்கிச் சிரித்தது. "அப்ப பதிவேடு வேணும்னு சொல்றியா அடலின்?" என்று கேட்டான் வால்டர்.

"நூறு கோடியும் நம்ம வரிப்பணம். அவ்வளவையும் அழுதுட்டு, ஒரு துப்பாக்கியாவது திரும்பி வராட்டி நட்டம் யாருக்கு?"

"ஆக, ஒரு ரைஃபிள் நூறு கோடி," என்று முணுமுணுத்தான் ஓரெஸ்ட். அன்றைய காபி முழுவதும் அவன் தலையில் விழுந்தது. பகடையை யாரும் உருட்டக்கூட இல்லை.

வேட்டையின் முதல் காலையில் அடலின் ரைஃபிளை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள். பனி வயலின் ஓரத்தில் கொழுத்த கிடா மான் ஒன்று தலை நிமிர்த்தியது. ஓரெஸ்ட் மெல்லக் கையை நீட்டினான்.

"யார் பேர்ல இருக்கு?" என்றாள் அடலின்.

அவன் கையை மடக்கிக்கொண்டான். அவள் இறங்கி நின்று ஒரே குண்டில் சாய்த்தாள். அதை வண்டிவரை இழுத்து வரும் வேலைக்கு எந்தப் பதிவும் தேவைப்படவில்லை. அதை ஓரெஸ்ட் செய்தான்.