கருங்காட்டில் வழி தப்பிய ஞாயிறுகள்

விஸ்வலிங்கத்துக்குப் பொய் சொல்லவே வராது என்றுதான் பினாங்கு டத்தோ கிராமாட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் சிப்புகளைச் சோதிக்கிற வேலை அவனுக்கு. சின்னக் கீறல் இருந்தாலும் ஒதுக்கித் தள்ளிவிடுவான். அப்படிப்பட்ட யோக்கியன், ஞாயிறு தவறாமல் மூன்று பேரைக் காட்டில் சுற்றவிட்டு ஏமாற்றிக்கொண்டிருந்தான்.

காடு என்றால் காகிதக் காடுதான். எண்பத்தேழில், லண்டனில் படித்துத் திரும்பிய ஒருவரிடம் இரவல் வாங்கி ஜெராக்ஸ் எடுத்த விளையாட்டுப் புத்தகம் அவனிடம் இருந்தது. விஸ்வலிங்கம் கதை நடத்துவான். மற்ற மூவரும் கதைக்குள் ஆள்களாக இருப்பார்கள். காஜா மொய்தீன் வாள்வீரன், அப்புத்துரை மந்திரவாதி, அப்புத்துரையின் தங்கை தவமணி வழிகாட்டி. தேன்கூடு மாதிரி கட்டம் போட்ட தாளில், போன வழியை வரைந்து வைப்பது அவள் பொறுப்பு. மூவரும் கருங்காட்டைக் கடந்து சங்குப்பட்டணம் போய்ச் சேர வேண்டும்.

பயணத்துக்கென்று புத்தகத்தில் கறாரான ரூல் உண்டு. காட்டில் கதைக் கணக்குப்படி ஒரு நாளைக்கு ஒரு கட்டம்தான் நடக்கலாம்; ஒரே ஞாயிற்றில் அப்படிப் பல நாள் கடக்கும். ஒவ்வொரு நாளுக்கும் கதை நடத்துகிறவன் அட்டை மறைப்புக்குப் பின்னால், யாருக்கும் காட்டாமல் பகடை உருட்டுவான். ஒன்றோ இரண்டோ விழுந்தால் வழி தப்பிவிடும், வேறெங்கோ ஒரு கட்டத்தில் போய் நிற்பார்கள். மற்ற எண் விழுந்தால் நேர் வழி.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் உருட்டினான். ஒரு நாள் அப்புத்துரை வாயை விட்டான்.

"தங்கச்சி இந்தப் பயணம் முடியுற வரைக்கும்தான் வருவா. அப்புறம் போகக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. மாப்பிள பாக்குறாங்கல்ல."

அன்றைக்குப் பகடையில் ஐந்து விழுந்தது. "வழி தப்பிட்டீங்க" என்றான் விஸ்வலிங்கம். அடுத்த வாரம் ஆறு விழுந்தது. அன்றும் தப்பியது.

"என்னா காடு லா இது!" என்று காஜா தலையில் அடித்துக்கொள்வான். "இந்நேரம் பினாங்கையே நாலு சுத்து சுத்தியிருக்கலாம்!"

தவமணி முகம் வாடிப்போய், ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி வரைவாள். அதைப் பார்க்க அவனுக்கு நெஞ்சு வலிக்கும். இருந்தாலும் வருகிற ஞாயிறும் அவள் எதிரே உட்காருவாளே! காஜாவை வாய்க்கு வாய் அண்ணே என்கிறவள், இவனை மட்டும் ஒரு நாளும் அண்ணே என்றதில்லை. கொஞ்சம் மூளை உள்ளவன் அதைக் கவனித்திருப்பான். பிடித்திருக்கிறது என்று சொல்லத் துப்பில்லாத ஆண்பிள்ளை, இல்லாத காட்டில் ஒரு பெண்ணை ஆறு மாதம் அலையவிட்டான்.

சித்திரை பிறந்து இரண்டாவது ஞாயிறு. காஜாவும் அப்புத்துரையும் தின்பதற்குப் பசம்பூர் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். விஸ்வலிங்கத்தின் அம்மா பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தவமணி தாளை மேசையில் விரித்தாள். பட்டணத்துக்கு இன்னும் மூன்று கட்டம் இருந்தது.

"வியாழக்கிழமை வந்து பாத்துட்டுப் போனாங்க. புக்கிட் மெர்தாஜாம்ல வாத்தியாரு. தட்டு மாத்தியாச்சு."

"நல்லதுதானே" என்றான். வேறென்ன வரும் அந்த வாயில்?

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. இந்தப் பட்டணத்துல கால் வைக்கிற அன்னிக்கு உங்ககிட்ட கேட்டுடணும்னு மனசுக்குள்ள முடிவு பண்ணி வெச்சிருந்தேன். எங்க அம்மாகிட்ட வந்து என்னைக் கேப்பீங்களான்னு. சும்மா ஒரு நாள்ல கேக்க எனக்குத் தைரியம் இல்ல. தைப்பூசத்துக்குள்ள சேந்துருவோம்னுதான் நெனச்சேன்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவே அத்தனை வாட்டியும் ஒண்ணு, ரெண்டுதான் விழுந்துச்சா?"

அவன் அட்டை மறைப்பை நேராக நிமிர்த்தி வைத்தான்.

"ஆமா" என்றான்.

விதி என்று நினைத்தாவது அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் மறைத்தேன் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சுத்தப் பயம்தான் அது.

"அப்ப நம்ம ராசி அவ்வளவுதான்." தவமணி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பொட்டலங்களோடு இருவரும் உள்ளே வந்தார்கள். "இன்னிக்காச்சும் போய்ச் சேருவோமா?" என்றான் காஜா. விஸ்வலிங்கம் மறைப்புக்குப் பின்னால் பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது. "நேர் வழி" என்றான். மறுபடி உருட்டியபோது என்ன விழுந்தது என்று அவன் பார்க்கவே இல்லை. மூன்றாவது கட்டமும் கடந்தது.

"சங்குப்பட்டணம் வந்துட்டீங்க."

காஜா மேசையைத் தட்டிக் கூத்தாடினான். தவமணி கடைசிக் கட்டத்தில் ஒரு கோட்டையை வரைந்து, கீழே பட்டணத்தின் பெயரை எழுதினாள். எழுதி முடித்தும் பென்சிலைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். இப்போதாவது வாயைத் திற என்று நாம் கத்தினால் அவனுக்குக் கேட்கவா போகிறது? அவன் பகடைகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான்.

"கல்யாணப் புடவை எடுக்கணும், அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க" என்று எழுந்தாள் தவமணி. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"வரேன் காஜாண்ணே" என்றாள். பிறகு இவனைப் பார்த்து, "வரேண்ணே" என்றாள்.