படிக்குக் கீழே ஐந்தரை அடி

மேஸ்திரி ராஜப்பா போட்ட எஸ்டிமேட் பதிமூன்று லட்சத்து நாற்பதாயிரம். எங்களிடம் இருந்தது பன்னிரண்டு. அதில் எட்டு என் பெயரில் எடுத்த லோன், நான்கு அப்பாவின் சேமிப்பு. மிச்சத்துக்கு வழி கேட்டதும் அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து, பிளானில் என் அறையை அடித்தார்.

"பாப்பா காலையில வேலைக்குப் பெங்களூர் டிரெயின் ஏறுனா ராத்திரி தான் வருது. நாளைக்கு கல்யாணம் ஆனா அதுவும் இல்ல. தனி ரூம் எதுக்குண்ணா?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பேத்தமங்களாவிலிருந்து வந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிற மனிதர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பேர்மேல்தான் வந்தது. அப்பா தம்மபாலன் பிளானையே பார்த்தார். அம்மா நாகம்மா டீ டம்ளரைப் பார்த்தாள். தம்பி சித்தார்த் போனைப் பார்த்தான்.

தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய மாரிகுப்பம் லைன் வீட்டில் எங்கள் நான்கு பேருக்கும் ஓர் அறை, ஒரு சமையல் மூலை. இருபத்தாறு வயதில் நான் துணி மாற்ற வேண்டுமென்றால் அப்பாவும் தம்பியும் தெருவில் போய் நிற்க வேண்டும். டிகிரி பரீட்சைக்கு நந்திதுர்க்கில் தோழி வீட்டு மாட்டுக் கொட்டகை ஓரம் உட்கார்ந்து படித்தேன். வேலை கிடைத்த நாளிலிருந்து நான் கேட்டது ஒன்றே ஒன்று: எட்டுக்கு ஒன்பதில் ஒரு கதவு போட்ட அறை. அதற்காகத்தான் பதினைந்து வருடத்துக்கு லோன் தலையில் ஏறியிருக்கிறது.

"மாடிப்படியை எடுங்க," என்றேன். வீட்டுக்குள் சிமெண்ட் படி, மேலே அதற்கு ஒரு கூண்டு, கிரில் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் அதுவே தின்கிறது. மேலே தொட்டியைப் பார்க்க வெளியே ஓர் இரும்பு ஏணி போதும்.

அப்பா அதற்கு மட்டும் வாயைத் திறந்தார். நாளைக்குச் சித்தார்த்துக்குக் கல்யாணம் ஆகும், மேலே ஒரு வீடு எடுப்பான், அப்போது படிக்கு எங்கே போவது என்றார்.

"நாளைக்கு வர்ற பொண்ணுக்கு மாடிப்படி. இன்னிக்கு லோன் கட்டற பொண்ணுக்கு இன்னா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மூன்று வாரம் நாங்கள் இருவரும் பேசவில்லை. சாப்பாடு போடுவதற்கு நடுவில் அம்மா தூது போனாள்.

செவ்வாய்க்கிழமை கடைக்கால் தோண்ட ஆள் வருவதாக ஏற்பாடு. தோண்டிவிட்டால் எதையும் மாற்ற முடியாது. அதற்கு முந்தைய ஞாயிறு எல்லோரும் பேத்தமங்களா ரோட்டில் இருக்கும் எங்கள் சைட்டுக்குப் போனோம். இருபதுக்கு முப்பது. ராஜப்பா நூல் கட்டி, சுண்ணாம்புத் தூளால் பிளானைத் தரையில் அப்படியே போட்டார். என் அறை இல்லாத பிளானை. ஹால் மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி கிடந்தது. பூஜை அறைக்கு ஈசான்ய மூலையில் இடம் விட்டிருந்தார். நாங்கள் பௌத்தர்கள், எங்கள் புத்தருக்கு ஓர் ஆணி போதும் என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன். சரி சரி என்று காலால் அழித்தார்.

எதைப் பார்த்தாலும் குறை சொல்வது என்று முடிவோடுதான் போயிருந்தேன். படிக்குக் கீழே கக்கூஸ் போட்டிருந்தார். இடம் மிச்சமாகும் என்று எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். உள்ளே உயரம் எவ்வளவு என்று கேட்டேன். ஐந்தரை அடி வரும் என்றார். காட்டச் சொன்னேன். அவர் சலித்துக்கொண்டே ஒரு சவுக்குக் கழியை எடுத்து, மறுமுனையைச் சித்தார்த்திடம் கொடுத்து, ஐந்தரை அடிக்குப் பிடித்தார்.

குழாய் எந்தப் பக்கம் வரும் என்று பார்க்க அப்பா நடந்தார். கழிக்கு இரண்டு அடி முன்னாலேயே அவர் கழுத்து மடங்கியது. தோள் இறங்கியது. வலது கை தானாக மேலே போய்த் தலையை மறைத்துக்கொண்டது. யாரும் பார்த்துப் போங்கள் என்று சொல்லவில்லை. மைன்ஸில், பூமிக்கடியில், பதின்மூன்று வருடம் அவர் இப்படித்தான் நடந்திருக்கிறார். அது மூடியபோது நான் கைக்குழந்தை. அவர் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

உள்ளே குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெளியே வந்து நிமிர்ந்தார்.

"கக்கூசுக்குமா குனிஞ்சிக்கினு போறது?"

"பெங்களூர்லயே எல்லாரும் இப்பிடித்தாண்ணா கட்றாங்க," என்றார் ராஜப்பா.

"அவங்க குனியட்டும். நான் குனிஞ்சது போதும். படிய எடுத்துடு."

கழியைப் பிடித்தபடி நின்ற சித்தார்த்தை எல்லோரும் பார்த்தோம். அவனுடைய மாடி அல்லவா போகிறது.

"எனுக்கு மாடி வேணும்னு யார் கேட்டா?" என்றான். "இங்க கீழயே தண்ணி வர்ல. மேல எங்க ஏறும்?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்தால் என்ன என்று அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

"அன்னிக்கு நீ கத்திக்கினு இருந்த. நடுவுல யார் பூர்றது?"

ராஜப்பா செங்கல் மேல் உட்கார்ந்து, எஸ்டிமேட்டின் பின்பக்கம் மறுபடி கணக்குப் போட்டார். படியும் கூண்டும் போய், இரும்பு ஏணி வந்து, என் சுவரும் கதவும் ஜன்னலும் சேர்ந்து பன்னிரண்டுக்குள் அடங்கியது. எழுநூறு ரூபாய் மிச்சம். அதை அப்படியே தனக்கு டீக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

மூன்று வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், தாடை விட்டபோதுதான் தெரிந்தது.

அப்பா சுண்ணாம்புத் தட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீயே போடு. எட்டுக்கு ஒம்பது. ஒரு இஞ்ச் கொறஞ்சா அப்பறம் என்னத் திட்டாத."

நூலைப் பிடித்தும் என் கோடு வளைந்துதான் வந்தது. செவ்வாய்க்கிழமை ஆட்கள் நேராகத் தோண்டிக்கொள்வார்கள், விடு என்றார் ராஜப்பா. கதவுக்கு மூன்றடி இடைவெளி விட்டு நிமிர்ந்தேன். அம்மா அந்த இடைவெளி வழியாக உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மண்ணில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"ம்மா, அது என் ரூம்."

"தெரியும் போடி. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

சரி, உட்காரட்டும் என்று விட்டுவிட்டு, ஜன்னல் எந்தப் பக்கம் என்று ராஜப்பாவிடம் சண்டை போடப் போனேன்.