கதவருகே நாற்பது நொடி

“சொல்றேன்னு கோச்சுக்காத. உன் பேயி ரேஷன் கடைக்குப் பை எடுத்துக்கினு போற மாதிரி நடந்து வருது.”

“முகத்தைக் காட்டுற இடத்துலயுமா பயம் வரல?”

“முகத்துல என்ன இருக்கு? பவுடர் இருக்கு. எனக்கு வாசனையே அடிக்குது.”

சொன்னவன் இளவழகன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. சிதம்பரத்தில் எங்கள் கல்லூரி நடத்தும் குறும்படப் போட்டிக்காக, லீவில் நாங்கள் இருவரும் ஒரு பேய்ப்படம் எடுத்திருந்தோம். ஏழு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். காலை பதினொரு மணிக்கு அவனுடைய லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, பேய் வரும்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஏழு நிமிடத்தில் புதிதாக ஒரு பயத்தைச் செய்து காட்ட நேரம் கிடையாது என்றான் இளவழகன். பார்க்கிறவனுக்குத் தெரிந்த கதவு, தெரிந்த குழாய், தெரிந்த பஸ், இதில் ஏதாவது ஒன்றை மட்டும் இம்மி தள்ளி வைத்தால் போதுமாம். திரையில் இருப்பவள் அலறினால் நமக்குத் தைரியம் வந்துவிடும். அவள் அலறாமல் இருப்பதுதான் ஆபத்து. இப்படிப் பேசிக்கொண்டே, மூடிய கதவின் வெறும் காட்சி ஒன்று வேண்டுமென்று முந்தின நாள் நான் எடுத்த பதிவைத் திறந்தான்.

எதிரே மாமரத்தடியில் ஸ்டாண்டில் போனை வைத்து, எங்கள் வீட்டு வாசலை எடுத்திருந்தேன். சார்ஜர் வாங்க அவன் வீட்டுக்கு ஓடியபோது நிறுத்த மறந்துவிட்டேன். பதிவு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

மதியம் இரண்டு இருபதுக்கு, முதல் ஷிப்ட் முடிந்த ஆட்களை ஏற்றி வரும் சுரங்க பஸ் தெருமுனையில் நின்று போகிறது. கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கிறது. அம்மா. வாசலில் வேறு யாரும் இல்லை. அவள் தெருவைப் பார்க்கவில்லை. சுவரோடு முதுகை ஒட்டி, முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டு நிற்கிறாள். அவள் கண்கள் ஒரு தோளின் உயரத்தில், வெளியிலிருந்து உள்ளே மெதுவாக நகர்கின்றன. பிறகு தரையைப் பார்த்து லேசாக முகம் சுளிக்கிறாள், சேறு படிந்த பூட்ஸைப் பார்த்துச் சுளிப்பதுபோல. கதவு மூடிக்கொள்கிறது. மொத்தம் நாற்பது நொடி.

இளவழகன் சிரிக்கவில்லை. அந்தச் சுளிப்பை மட்டும் நான் பின்னுக்கு இழுத்து மறுபடி போட்டுப் பார்த்தேன்.

என் அப்பா கொளஞ்சிநாதன் இறந்து பதினொரு மாதமாகிறது. வடலூரில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், அங்கேயே மாரடைப்பில் விழுந்தார். இந்த மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, சேத்தியாத்தோப்பில் மாமா வீட்டுக்குப் போகிறோம். நான் ஹாஸ்டலில் இருந்ததால் அம்மாவின் நாட்கள் எப்படிப் போகின்றன என்று எனக்குத் தெரியாது.

“எங்கப்பாவும் உங்கப்பாவும் சுரங்கத்துல ஒரே செட்டு,” என்றான் இளவழகன், திரையைப் பார்த்தபடியே. “அந்த செட்டுக்கு இந்த வாரம் மொத ஷிப்ட்டு. போன வாரம் ரெண்டாவது.”

போன வாரம் தினமும் ராத்திரி பத்தரை வாக்கில் அம்மா எழுந்து கதவைத் திறந்தது நினைவுக்கு வந்தது. காற்று வரட்டும் என்றாள். நானும் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இங்கே ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். அம்மா ஒரு வாரத்தைக்கூட மாற்றி எண்ணவில்லை.

பேயைத் தூக்கிவிடலாம், இந்த நாற்பது நொடி போதும் என்றான் அவன். அம்மாவிடம் கேட்க வேண்டாம் என்றும் சொன்னான். கேட்டால் அவர் நாளையிலிருந்து இதைச் செய்யமாட்டார், அந்தப் பாவம் நமக்கு எதற்கு என்றான். ஆனால் கேட்காமல் அனுப்பினால், முன்பின் தெரியாத நானூறு பேர் இருட்டு அரங்கில் உட்கார்ந்து என் அம்மாவைப் பார்த்துப் பயப்படுவார்கள். பவுடர் பூசாமலேயே அவளைப் பேயாக்கியவள் நானாக இருப்பேன். போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு இருபதுக்கு நான் உள்ளறையில் இருந்தேன். பஸ் நின்று போனது. தாழ்ப்பாள் விலகும் சத்தம். நாற்பது எண்ணினேன். மறுபடி தாழ்ப்பாள். எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று மணிக்கு அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். போட்டி, ஆறு மணி, தெரியாமல் எடுத்தது என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, வேண்டாமென்றால் இப்போதே அழித்துவிடுகிறேன் என்று போனை நீட்டினேன். அழுவாள், அல்லது திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் முழுவதும் பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் முறை போட்டபோதுதான் கவனித்தேன், அவள் தன்னைப் பார்க்கவே இல்லை. திரையில் தனக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் விரலை வைத்தாள். பதிவு நின்றுபோனது. விரலை எடுத்து மறுபடி ஓடவிட்டாள்.

“இதுல வாசப்படி வரைக்கும்தான் தெரியுது,” என்றாள்.

“ஆமாம்மா. கேமரா தெருவுல இருந்துது.”

“நான் தலைய நிமிந்து பாக்காமயே நிக்கிறனா, உள்ள வந்தாரா இல்லியான்னு எனக்கே தெரியமாட்டங்குது.” போனை என் மடியில் வைத்தாள். அனுப்பு என்றும் சொல்லவில்லை, அழி என்றும் சொல்லவில்லை. அப்பாவின் சட்டை ஒன்று மடித்த துணிகளுக்கு நடுவில் இருந்தது.

“வர்ற வாரம் நைட் ஷிப்ட்டு, பாப்பா. காலைல ஆறரைக்கு வருவாரு. வூட்ட காலி பண்றதுக்குள்ள ஒரே ஒரு வாட்டி, அந்த கேமராவ உள்பக்கமா வச்சி எடுத்துக் குடுக்கிறியா?”