ஆறு பலகைகளின் வரிசை

கதிரவன் மெர்போக் ஆற்றின் கழிமுகம் நோக்கிச் சாய, ஜெராய் மலையின் உச்சியைப் பகலெல்லாம் பற்றியிருந்த முகில் மெல்ல நழுவி, அடிவாரத்துச் செம்பனைத் தோப்புகளின் மேல் உலர்த்தப்போட்ட ஈரத்துணி போலப் படிந்தது. பீடோங் சந்தையில் கடை கட்டிய வணிகர்கள் ஈருருளிகளில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப, அவர்கள் எழுப்பிய செம்புழுதி வழியோரம் எஞ்சி நின்ற ரப்பர்ப் பால்மரங்களின் வடுப்பட்ட அடிகளைத் தழுவி அடங்கிற்று. அந்தச் செம்மண் வழி முடியும் மேட்டில், முன்பு வெள்ளைக்காரத் துரைமார் வாழ்ந்து, பின்பு நெடுங்காலம் வௌவால்கள் குடியிருந்து, இப்போது வைக்கோல் பாயும் காகிதக்கதவும் கொண்டு புத்துயிர் பெற்ற மாளிகை ஒன்று, குளித்து முடித்துத் தலை துவட்டும் பெண்ணைப் போல மாலை வெயிலில் பொலிந்து நின்றது.

அம்மாளிகையை அப்படி ஆக்கியவர் தொமோயே என்னும் சப்பானியப் பெண்மணி. பிரான்சிலிருந்தும் ஆத்திரேலியாவிலிருந்தும் தம் சொந்த நாட்டிலிருந்தும் வரும் விருந்தினர்க்குத் தேநீர் வழங்கும் முறையையும் தூரிகை எழுத்தையும் அவர் அங்கே கற்பித்தார். ஆனால் நான்கு சுவர்க்குள் மட்டும் கற்கும் பண்பாடு அரைப்பண்பாடே என்பது அவர் கொள்கை. ஆதலின் வாரந்தோறும் விருந்தினரை ஊரார் இல்லங்களுக்கு அனுப்பி, ஒரு பிற்பகல் முழுதும் உடன் சமைத்து உடன் உண்டு வரச் செய்தார். விருந்தினரையும் ஊராரையும் இணைக்கும் அப்பணியைப் பீடோங் நகரத்து நங்கை உமாராணி செய்துவந்தாள். கதவு திறந்த இல்லங்கள் ஆறு. அந்த ஆறு இல்லத்தலைவர்களின் பெயர்களையும் தமிழிலேயே தூரிகையால் மரப்பலகைகளில் எழுதி, அவ்வெள்ளிக்கிழமை காலை, முகப்புச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார் தொமோயே.

அப்பலகைகளைக் காண மனைவி யோகேஸ்வரியுடன் மேடேறி வந்தார் சிவநேசர். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாதவர். தோட்டத்துக் கணக்கரான கிராணியாரின் மூத்த மைந்தர். அவர் தந்தை கருக்கிருட்டில், தோட்டத்தார் பெரட்டு என்றழைக்கும் ஆள்கூட்டத்தின் முன் நின்று பெயர் பெயராய் அழைத்தால், பால்மரம் சீவுவோர் கத்தியும் வாளியுமாய் நிமிர்ந்து நிற்பார்கள். அத்தகைய குடியின் வாயிலைத்தான், ஈராண்டுகட்கு முன் ஒரு பெருமழை நாளில், ஊரில் எவரையும் அறியாத தொமோயே முதன்முதலாகத் தட்டினார். ஞாயிறன்று தொமோயேயின் ஆசான், எண்பது அகவை கடந்த தூரிகை வல்லுநர், கடல் கடந்து வருகிறார். வரிசையில் முதலாவதான இல்லத்துக்கே அவரை முதலில் அழைத்துச் செல்வோம் என்று உமாராணி சொல்லியிருந்தாள். சிவநேசர் அதற்காகவே வீட்டுக்கு வெள்ளையடித்து, தந்தையின் நிழற்படத்துக்குப் புதுச்சட்டம் இட்டு, ஆறு நாளாய்க் காத்திருந்தார்.

முகப்பை அடைந்தவர் இடப்புறத்திலிருந்து படிக்கலானார். முதற்பலகையில் இருளப்பன் என்றிருந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எனக் கண்கள் ஓடின. சிவநேசன் என்னும் பெயர் வலக்கோடியில், எல்லாப் பெயர்க்கும் பின்னால் தொங்கியது.

இருளப்பன் சீவுகாரர் மகன். சிவநேசரை விட ஐந்து ஆண்டு இளையவர். ஆறு இல்லங்களுள் இறுதியாகக் கதவு திறந்தவர். எனினும் அவர் வீட்டுக்குப் போகும் அயல்நாட்டார் கையெல்லாம் மஞ்சளும் வாயெல்லாம் சிரிப்புமாய்த் திரும்புவதையும், தம் வீட்டுக்கு வருவோர் நாற்காலி நுனியில் அமர்ந்து தந்தையின் நிழற்படத்தை நோக்கித் தலையசைத்து நேரம் பார்ப்பதையும் சிவநேசர் அறிவார். இருளப்பன் வீட்டுச் சிரிப்பு நான்கு வேலிகளைத் தாண்டி வரும்போதெல்லாம் அவர் எழுந்து சாளரத்தைச் சாத்துவது வழக்கம். அந்தச் சிரிப்பே இன்று மரத்தில் எழுதப்பட்டு முதலிடத்தில் தொங்குவதாக அவருக்குத் தோன்றிற்று.

அந்த நேரம் பார்த்து இருளப்பனும் அங்கே வந்து சேர்ந்தார்.

"பாத்தீங்களாண்ணே நம்ம பலகைய? எங்கப்பா ஆயுசு பூரா மரத்தக் கீறினாரு. மகன் பேர மரத்துல எழுதிட்டாங்க லா."

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க," என்றார் சிவநேசர்.

"எழுத்து அழகு. ஆனா 'ரு'வும் 'ள'வும் எழுத அந்தம்மாவுக்கு இன்னும் சூசாவாம், அவ்ளோ கஷ்டமாம். நீ வெறும் அப்பன்னு எழுதிக்கோம்மா, ஊருக்கே அப்பனா இருந்துட்டுப் போறேன்னேன்."

யோகேஸ்வரி சிரித்துவிட்டார். சிவநேசர் சிரிக்கவில்லை. இருவரும் மேட்டிலிருந்து இறங்கினர். வீட்டு வாயிலை அடைந்தபின் அம்மையாரே வாய் திறந்தார்.

"என்னங்க, மூஞ்சி ஏன் கல்லு மாதிரி இருக்கு?"

"கடைசியில தொங்கவிட்டிருக்கா நம்ம பேர."

"பலகைதானே. ஏன் எதுக்குன்னு அந்தப் பொண்ணு உமாராணிகிட்ட ஒரு வார்த்த கேட்டா ஆச்சு."

"நான் போயி இடம் கேக்கணுமா? எங்கப்பா வாசிச்ச பட்டியல்ல கடைசிப் பேரு யாரோடதுன்னு உனக்குத் தெரியுமா? அவன் அப்பனோடது. அவனுக்குக் கீழ நான்."

கேட்டிருந்தால் ஒரு வாய்ச்சொல்லில் தீர்ந்திருக்கும். ஆயின் கேட்பது தாழ்வென்று கருதும் குடியில் பிறந்தவர்க்கு எளிய வழிகள் அடைபட்டே இருக்கும். அழுக்காறோ அடைபட்ட வீட்டில்தான் நன்றாக வளரும்.

மறுநாள் நண்பகலில் விருந்தினர் அனைவரும் தஞ்சோங் டாவாய்க்கு மீன்படகுகளைக் காணச் சென்றிருந்த பொழுது, சிவநேசர் தனியே மேடேறினார். தொலைவில் காவலர் ஒருவர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்; வேறு எவருமில்லை. வாழ்நாளில் பிறர் பொருளைத் தொட்டறியாத அக்கைகள், இருளப்பன் பெயரை ஆணியிலிருந்து கழற்றி வலக்கோடியில் மாட்டின. தம் பெயரை இடக்கோடியில் மாட்டின. மாட்டியபின் ஓர் அடி பின்வாங்கிப் பார்த்தார். உள்ளம் குளிர்ந்தது என்று சொல்வதற்கில்லை. எரிச்சல் சற்றே தணிந்தது.

ஞாயிறு காலை மாளிகை முற்றத்தில் அறுவர் இல்லத்தாரும் கூடினர். வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாய்ச் சிவநேசர் முன்வரிசையில் நின்றார். மெலிந்த ஆசான் தொமோயேயின் தோளைப் பற்றியவாறு பலகைகளின் முன் வந்தார். தொமோயே வரிசையை நோக்கினார், மீண்டும் நோக்கினார், முகம் மாறிற்று. சருகு கூட்டும் காவலர் அருகில் வந்து அவர் செவியில் ஏதோ சொன்னார். ஆசானிடம் தாழ்குரலில் ஏதோ கூறினார். பின் இருவரும் திரும்பி, முற்றத்தைக் கடந்து, சிவநேசரின் எதிரே வந்து நின்று, இடுப்பு மடிய வணங்கினர். அந்த வணக்கம் நீண்டது.

உமாராணி அருகில் வந்தாள்.

"ஐயா, இவங்க ஊர்ல வரிசைய வலது பக்கத்துலேருந்துதான் ஆரம்பிப்பாங்க. மொதல்ல கதவத் தொறந்தவர்னு உங்க பேரத்தான் வலது கோடியில வெச்சிருந்தாங்க. கடைசியா சேந்த இருளப்பன் ஐயா இடது கோடி. எனக்கே இன்னைக்குத்தான் சொன்னாங்க. நேத்து நீங்க வந்து மாத்தினத காவல்காரர் பாத்தாராம். உங்களோட மொதல் எடத்த கடைசி ஆளுக்குக் குடுத்துட்டு, கடைசியில போய் நின்னுட்டீங்களே ஐயா. இப்படி ஒருத்தர இந்த வயசுல பாக்கத்தான் வந்தேன்னு பெரியவர் சொல்றாரு."

சிவநேசர் பலகைகளை மீண்டும் நோக்கினார். முதலிடம் தம்முடையதாகவே இருந்தது. தம் கையாலேயே அதைக் கழற்றிப் பகைவன் ஆணியில் மாட்டியிருக்கிறார். அதை மீட்க இப்போதும் வழியுண்டு. ஒரு சொல் போதும். ஆனால் அச்சொல்லைச் சொன்னால், கிராணியார் மகன் ஆளில்லா நேரத்தில் வந்து இடம் திருடினான் என்று ஊர் அறியும்.

"நீங்கதானே மாத்தினீங்க, ஐயா?" என்று உமாராணி மெல்லக் கேட்டாள்.

"ஆமாம்," என்றார் சிவநேசர்.

அது உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை அவர் அதுவரை சொன்னதில்லை.

இருளப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் இரு கைகளையும் பற்றினார். எப்போதும் வேடிக்கை பேசும் அந்த வாய் தடுமாறிற்று.

"அண்ணே, உங்கப்பா பெரட்டுல எங்கப்பா பேரத்தான் கடைசியா கூப்புடுவாராம். கூப்புடுற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கணும், கால் கடுக்கும்டான்னு சொல்லுவாரு. இன்னைக்கு அவர் இருந்திருக்கணும்ணே."

"அதெல்லாம் எதுக்கு இப்ப," என்றார் சிவநேசர்.

ஆசானும் தொமோயேயும் முன்செல்ல, விருந்தினரும் ஊராரும் பின்தொடர, அனைவரும் செம்மண் வழியே இருளப்பன் இல்லம் நோக்கி நடந்தனர். வெள்ளையடித்த வீட்டைக் கடக்கையில் சிவநேசர் தலை திருப்பவில்லை. அவர் அருகே நடந்த யோகேஸ்வரி, பிறர் கேளாவண்ணம் சொன்னார்:

"நாப்பது வருசமா உங்களோட குடும்பம் நடத்துறேன். பஸ்ஸுல ஒரு சீட்ட விட்டுக்குடுத்து நான் பாத்ததில்ல."

"பேசாம வா."

"பேசல. நீங்களாச்சும் பேசிடுங்க. அந்த மனுசன் அப்பன நெனச்சு அழறாரு. பொய்யின்னு நாளைக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

சிவநேசர் நடையை விரைவாக்கினார்.

இருளப்பன் வீட்டில் அடுப்பு மும்முரமாய் எரிந்தது. ஆசானைப் பாயில் அமர்த்தி, அவர் கையில் முறுக்குப் பிழியும் உழக்கைக் கொடுத்துவிட்டு, இருளப்பன் ஒவ்வொரு விருந்தினரையும் சிவநேசரிடம் அழைத்து வந்தார். "இவருதான் எங்க அண்ணன். மொத எடத்த எனக்குக் குடுத்தவரு," என்று அவர் சொல்ல, உமாராணி மொழிபெயர்க்க, பிரெஞ்சு நங்கையும் ஆத்திரேலிய முதியவரும் நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினர். வளையாத அம்முதுகு ஒவ்வொரு முறையும் வளைந்து அவ்வணக்கத்தை ஏற்றது. அவர்கள் கண்களில் தெரிந்த சிவநேசரை, இடம் கொடுக்கத் தெரிந்த அந்தப் பெரியவரை, அவரே உற்று நோக்கினார். இருளப்பன் மேல் இத்தனை காலம் எரிந்த நெருப்பு அந்த மனிதன் மேல் திரும்பிற்று. இருளப்பனையாவது வசை பாடலாம், சாளரத்தைச் சாத்தலாம். தம் பெயரைத் தாங்கி, தம்மினும் உயர்ந்து, தமக்கு வரவேண்டிய வணக்கங்களையெல்லாம் வாங்கிக்கொள்ளும் அவனை என் செய்வது?

கற்றறிந்தீர், பிறர் சுமத்திய இகழ்ச்சியை மறுப்பது எளிது; குரல் உயர்த்தினால் போதும். தகாத புகழை மறுக்க விரும்புவோன் தன் நெஞ்சைத் திறந்து காட்டியாக வேண்டும். கிராணியார் குடியில் அதற்கு முன் எவரும் அதைச் செய்ததில்லை. சிவநேசரும் செய்யவில்லை. இலையில் முதலில் பரிமாறப்பட்டது அவருக்கே. சுற்றிலும் சிரிப்பொலி நிறைய, அவர் நிமிர்ந்து அமர்ந்து, தலை கவிழாமல், எதன் சுவையும் அறியாமல் உண்டார்.