நீல ஐஸ்

கரும்புச் சாற்றில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தது. டம்ளரை வாயருகே கொண்டுபோனதுமே கீதாவுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைச் சுளித்து, அதைப் புருஷனிடமே திருப்பி நீட்டினாள்.

"இஞ்சி போடாம வாங்கினு வான்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"இஞ்சி இல்லாத கரும்பு ஜூஸு வெறும் சக்கரத் தண்ணிடி. குடி, வெயிலுக்கு நல்லது."

"அவ்ளோ நல்லதுன்னா நீயே குடி."

சக்திவேல் தன் டம்ளரைக் காலி செய்துவிட்டு அவளுடையதையும் குடித்தான். மீசையில் ஒட்டிய நுரையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "மகாராணிக்கு எத்தக் குடுத்தாலும் ஒரு கொற," என்றான். காலி டம்ளர்களைப் பக்கத்துக் கரும்பு ஜூஸ் கடை ரத்தினபாய் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்து, தங்கள் மீன் கடையில் சங்கரா மீனுக்குச் செதில் எடுக்க உட்கார்ந்தான். சேலையூர் கேம்ப் ரோட்டில் கத்திரி வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. அவர்கள் இருவரும் எப்போதும்போலப் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான்.

மறுநாள் கானத்தூர் வீட்டில் அவனுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. கடலில் வளர்ந்த உடம்பு என்ற தைரியத்தில், ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும் என்று ஒரு பகலை ஓட்டினான். சாயங்காலம் கண்கள் குழிக்குள் போயிருந்தன, கால் நரம்பு இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பாட்டில் பாட்டிலாக ஏற்றிப் பார்த்தார்கள். உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் போன பிறகுதான் கொண்டுவந்திருக்கிறீர்கள், கிட்னி நின்றுவிட்டது என்றார்கள். கீதா அப்போது முப்பதுகளின் நடுவில் இருந்தாள்.

2017ஆம் வருடத்துக் கோடை அது. அதே வாரம் கேம்ப் ரோட்டில் ஓர் ஆட்டோக்காரர், டெய்லர் கடைப் பெண்கள், ரத்தினபாய் அக்கா என்று பலரும் படுத்தார்கள். மற்றவர்கள் எழுந்துகொண்டார்கள். சக்திவேல் மட்டும் எழவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணு பட்டது என்றார்கள், பிரியாணி என்றார்கள், குடி என்றார்கள். அவன் குடிக்கிறவனே இல்லை. காரணத்தைத் தேடிக்கொண்டு வந்தவர் ஒருவர்தான். உணவுப் பாதுகாப்பு அலுவலர் யேசுதாசன். நாகர்கோவில் பக்கத்துக்காரர், தலை நரைத்தவர், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே வீட்டு வாசலில் நின்றார்.

"சாப்பிட்டதக் கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றாங்கம்மா. குடிச்சதக் கேட்டா எல்லாரும் ஒண்ணுதான் சொல்றாங்க. உங்க வீட்டுக்காரர் அன்னைக்குக் கரும்பு ஜூஸ் குடிச்சாரா?"

"ரெண்டு டம்ளரு. ஒண்ணு என்னுது."

அவர் ஏற்கெனவே ஜூஸ் கடையைப் பார்த்திருந்தார். கரும்பில் பழுதில்லை, குடிதண்ணீர் கேனில் பழுதில்லை. மிச்சம் இருந்தது ஐஸ். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்த ரத்தினபாய் அக்கா அவரிடம் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்: வழக்கமாக வரும் ஐஸ் வண்டி அன்று வரவில்லை, சக்திவேல் தம்பிதான் மீன் படாத கட்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தது என்று.

கீதாவுக்கும் அது ஞாபகம் இருந்தது. மீன்காரர்களுக்கு ஐஸில் இரண்டே வகைதான், மீன் பட்டது, மீன் படாதது. மீன் பட்டதை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள், அது கேவலம். சக்திவேல் பெட்டியிலிருந்த ஐஸைத் தொடவில்லை. பிரிக்காத கோணிச் சாக்கைப் பிரித்து, உள்ளே இருந்த முழுப் பாளத்திலிருந்து உடைத்து, இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கழுவி, மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான். அவனுக்குத் தெரிந்த சுத்தம் அவ்வளவையும் செய்தான். அந்தப் பாளம் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்பதை அவன் யோசிக்கவில்லை. மீனுக்குத்தானே என்று ஃபேக்டரிக்காரர்கள் ஏதோ ஒரு பாழுங்கிணற்றுத் தண்ணீரை லாரியில் வாங்கி அச்சில் ஊற்றியிருந்தார்கள். உறைந்தால் கிருமி செத்துவிடாது, தூங்கும், அவ்வளவுதான் என்றார் யேசுதாசன்.

"அப்போ எங்க வூட்டுக்காரருதான் எல்லாருக்கும் வெஷம் குட்த்தாரு. அத்தச் சொல்லத்தான் இம்மாந்தொல வந்தியா சார்?"

வீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யேசுதாசன் கோபப்படவில்லை.

"இல்லம்மா. குடிக்கிற ஐஸும் வெள்ளை, மீன் ஐஸும் வெள்ளை. ரெண்டையும் பக்கத்துல வெச்சா இருபத்தஞ்சு வருஷமா இந்த வேலை பாக்குற எனக்கே தெரியாது. அவருக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியாதபடி விட்டு வெச்சதுதான் தப்பு. அது அவர் தப்பில்ல. எங்க தப்பு."

அரசாங்கத்து ஆள் ஒருவர் 'எங்க தப்பு' என்று சொல்லி அவள் அதுவரை கேட்டதில்லை.

காரியம் முடிந்து சில வாரங்களில் அவள் மறுபடியும் கேம்ப் ரோட்டுக்கு வந்தாள். புருஷன் போட்ட கடை அது, அதைவிட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. கொழுந்தன் துலுக்காணம் விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, ஐஸ் ஏற்றி, லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குவான். ரத்தினபாய் அக்கா மெஷினை விற்றுவிட்டுப் படப்பையில் மகள் வீட்டோடு போய்விட்டாள். போவதற்கு முன் கீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வருடம் ஒரு நாள் கவளை மீன் மடிக்கப் பழைய செய்தித்தாளை விரித்தாள். மீனை வைப்பதற்கு முன் ஒரு பத்தி படித்துவிடுவது அவள் வழக்கம். அன்று மீனை வைக்காமல் பத்தியை முழுக்கப் படித்தாள். தின்பதற்கும் குடிப்பதற்குமான ஐஸ் நிறமில்லாமல் இருக்க வேண்டும், பொருள் கெடாமல் வைக்க மட்டும் பயன்படும் ஐஸில் கெடுதல் இல்லாத நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று டெல்லியில் உத்தரவு போட்டிருந்தார்கள். வாங்க வந்த அம்மாள், "என்னம்மா, மீன் குடுக்கப் போறியா, பேப்பர் படிக்கப் போறியா?" என்றாள்.

யேசுதாசன் அந்தப் பக்கம் சோதனைக்கு வந்தபோது அவள் அதைப் பற்றிக் கேட்டாள். அவர் முதலில், செய்தித்தாளில் மீன் மடிக்காதீர்கள், அச்சு மை வயிற்றுக்குள் போகும் என்று கண்டித்தார். பிறகு கடை நிழலில் நின்று சொன்னார். அவர் வேலைக்கு வந்த காலத்தில் கலப்படத் தடைச் சட்டம்தான் இருந்தது. ஐம்பத்து நாலாம் வருடத்துச் சட்டம். பாலில் தண்ணீர் இருக்கிறதா, மிளகில் பப்பாளி விதை இருக்கிறதா, பிடி, கோர்ட்டில் நிறுத்து. கேஸ் முடிவதற்குள் கடைக்காரன் பேரன் எடுத்துவிடுவான்.

"அந்தச் சட்டம் கேட்டது ஒரே கேள்வி, என்னத்தக் கலந்தீங்கன்னு. ஐஸ்ல என்னத்தக் கலக்க? தண்ணியில தண்ணிதானே. அதனால ஐஸ் பக்கம் யாரும் அவ்வளவா போனதில்ல. ரெண்டாயிரத்து ஆறுல புதுச் சட்டம் போட்டாங்க, நடைமுறைக்கு வர அஞ்சு வருஷம் ஆச்சு. இது வேற கேள்வி கேக்குது. இதத் தின்னா மனுஷனுக்கு என்ன ஆகும்? அப்படிக் கேட்டாத்தாம்மா கெணறும் லாரியும் அச்சும் கண்ணுக்குத் தெரியும்."

"இந்த நீலத்த முன்னாடியே போட்டுருக்கக் கூடாதா சார்?"

"போட்டுருக்கலாம்," என்றார் அவர். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் போன பிறகும் அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். யாரோ முன்பின் தெரியாதவர்கள், எங்கோ ஒரு ஆபீஸில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு ஐஸ் கட்டியைப் பற்றி இத்தனை யோசித்திருக்கிறார்கள். போர்டு எழுதி வைத்தால் படிக்காதவன் என்ன செய்வான், சாக்கில் முத்திரை போட்டால் சாக்கைப் பிரித்த பிறகு என்ன ஆகும் என்றெல்லாம் பேசியிருப்பார்கள். கடைசியில் ஐஸே தன்னைச் சொல்லிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். சக்திவேலைத் தெரியாதவர்கள்தான். ஆனாலும் அவன் கையை நினைத்துத்தான் செய்ததுபோல அவளுக்குப் பட்டது.

சட்டம் வந்த வேகத்தில் நீலம் வரவில்லை. அவர்களுக்கு ஐஸ் தரும் ஃபேக்டரி வெள்ளையையே ஓட்டிக்கொண்டிருந்தது. கொரோனா வந்து போனது. போன வருடம்தான் நீலத்திலும் வார்க்கத் தொடங்கினார்கள், அதுவும் கேட்கிறவர்களுக்கு மட்டும். கீதா கேட்டாள்.

வந்தது வினை. நீல ஐஸ்மேல் கிடந்த வஞ்சிரத்தைப் பார்த்து, பத்து வருடமாக வாங்கும் சின்மயி மேடமே மூக்கைப் பொத்தினாள்.

"என்ன கீதா இது, ப்ளூவா இருக்கு? ஃபார்மலினா? யூடியூப்ல காட்டினானே."

"ஐயோ, இல்ல மேடம். கவர்மெண்டு சொன்ன கலரு. மிட்டாயில போடுறதுதான்."

"எனக்கென்னமோ கெமிக்கல் மாதிரிதான் தெரியுது. சாரி."

எதிர்ச்சாரியில் வெள்ளை ஐஸ் கடைக்குக் கூட்டம் நகர்ந்தது. கோடை தொடங்கியதிலிருந்து மீன் மிஞ்சியது, மிஞ்சியது கருவாட்டுக்குப் போனது. துலுக்காணம் பொறுத்துப் பார்த்தான். கத்திரி பிறந்த வாரம் லோடு இறக்கும்போது வெடித்தான்.

"அண்ணி, இந்த நீலத்தத் தூக்கிப் போடு. ஊரே வெள்ள வெச்சுகினு வித்துகினு கீது, நமக்கு மட்டும் இன்னா பேஜாரு?"

"ஊருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்."

"அண்ணன் போனது எனுக்கு மட்டும் வலிக்கலியா? ஆனா நம்ம பொட்டிலேர்ந்து நாம யாருக்கும் ஐஸ் குடுக்காம இருந்தா முடிஞ்சிச்சு. அதுக்குக் கலரு எதுக்கு?"

"உன் மனசுக்கு, எவனாவது வெயில்ல வந்து கேட்டா நீ இல்லன்னு சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"நீ அவரு தம்பி. சொல்ல மாட்ட."

அவன் காலிக் கூடைகளை ஆட்டோவில் விட்டெறிந்தான். "நாளைக்கு வெள்ள ஐஸ் ஏத்தினு வரேன். வாணான்னா சொல்லு, லோட மேடவாக்கத்துல எறக்கிக்கிறேன். அங்க எடம் கேட்டு வெச்சுகிறேன். அப்புறம் நீயும் உன் நீலமும்." ஆனாலும் ஆட்டோவை எடுக்காமல் நின்றான். அவன் இறக்காவிட்டால் அண்ணன் கடை அத்தோடு முடிந்தது என்பது அவனுக்கும் தெரியும்.

அப்போது சின்மயி மேடம் ஸ்கூட்டியை நிறுத்தினாள். எதிர்க்கடையில் வவ்வால் மீன் தீர்ந்துவிட்டதாம். கீதா மீனை மணையில் வைத்து அரிவாள்மணையை இழுத்துக்கொண்டாள்.

ரத்தினபாய் அக்காவின் பழைய இடத்தில் இப்போது வேறொருவன் கரும்பு மெஷின் போட்டிருந்தான். உமேஷ், ஊருக்குப் புதியவன். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பழைய கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. அவன் கடையில் காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். துண்டை உதறிக்கொண்டு இந்தப் பக்கம் ஓடிவந்தான்.

"மச்சான், ஐஸ் வண்டி பஞ்சராம். ஒரு கட்டி குடேன். மீன் படாததாப் பாத்துக் குடு."

கீதாவின் கை நின்றது. 'குடுக்காத' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கொழுந்தன் முந்திக்கொண்டான்.

"மீன் படாதது கீது, இரு," என்று துலுக்காணம் குனிந்தான். பிரிக்காத கோணிச் சாக்கைப் பிரித்தான். அண்ணன் செய்ததைப் போலவே, யோசிக்காமல், முகமெல்லாம் சந்தோஷமாகச் செய்தான்.

சாக்குக்குள் பாளம் நீலமாகக் கிடந்தது.

நீட்டிய கையை உமேஷ் இழுத்துக்கொண்டான். "இன்னா மச்சான் இது, நீலமா கீது? இத ஜூஸ்ல போட்டா எவன் குடிப்பான்?"

"இல்ல... இது..."

"வேணாம்பா. ஐஸ் இல்லாமயே போட்டுக் குடுக்கிறேன். திட்டுனா திட்டட்டும்." அவன் வந்த வேகத்தில் திரும்பிப் போனான். கூட்டத்தில் யாரோ, "வெந்நீர்ல ஜூஸ் போடுறியா அண்ணா?" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். மெஷின் சலங்கை குலுங்கி மறுபடியும் ஓடத் தொடங்கியது.

துலுக்காணம் சாக்கின் வாயைப் பிடித்தபடி நின்றான். தன் கையைப் பார்த்தான். பிறகு கரும்பைச் சுற்றி நின்ற பிள்ளைகளைப் பார்த்தான். ஆபீசர் யாரும் வரவில்லை. அண்ணிகூட வாய் திறக்கவில்லை. அந்த நிறம்தான் தடுத்திருந்தது.

அவன் சாக்கைச் சுருட்டி மூடி, கல் எடுத்து மேலே வைத்தான்.

"ஏம்பா, இந்த ப்ளூ நிஜமாவே சேஃப்தானா?" என்றாள் சின்மயி மேடம்.

கீதா பதில் சொல்லும் முன் அவன் சொன்னான். "மீனுக்கு ஒண்ணும் ஆவாது மேடம். இந்த ஐஸு மனுசன் வாயில போவக் கூடாது, அத்தச் சொல்றதுக்குத்தான் கலரு. எங்க அண்ணன் காலத்துல இது இல்ல." முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டோவின் கயிற்றை இறுக்கினான். சின்மயி மேடம் கீதாவைப் பார்த்தாள். கீதா வவ்வாலைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். மேடம் பர்ஸைத் திறந்தபடி, "அரைக் கிலோ எறாவும் போட்டுடு," என்றாள்.

மேடம் போன பிறகு துலுக்காணம், "நாளைக்கு ரெண்டு பாளம் போதுமா, மூணு ஏத்தினு வரட்டா?" என்று கேட்டான்.

"இன்னா ஐஸு?"

"தெரியாத மாதிரி கேக்காத அண்ணி."

வெயில் தாழும்போது உமேஷ் இரண்டு டம்ளரை ஏந்திக்கொண்டு வந்தான். "கூட்டத்துல கோவிச்சுக்கிட்டுப் போன மாதிரி ஆயிடுச்சுக்கா. குடிங்க. ஐஸ் வண்டி இன்னும் வரல, ஐஸ் போடாததுதான்."

கீதா டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். முகத்தைச் சுளித்து, கொழுந்தனிடம் நீட்டினாள்.

இஞ்சி வாசம் அவளுக்கு இன்னும் பிடிப்பதில்லை.