பெட்டிக்குப் புரிந்த சொல்

அன்று பகல் முழுக்க ஞானகுமாரியின் போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டைக் காலர் தைக்கிற வேலை அவளுக்கு. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தைத்தாள். மற்ற நாளென்றால் மதியச் சாப்பாட்டுக்குள் நாலைந்து தடவையாவது அடித்திருக்கும். எடுத்தால் மறுமுனையில் புருஷன் அந்தோணிராஜின் குரல், ஒரே ஒரு சொல்: "இன்னாடி." இவள், "சொல்லுய்யா, தண்ணி வோணுமா? எதுரூட்டு கனிமொழிய அனுப்பட்டா?" என்று கேட்பாள். அதற்கும் பதில் "இன்னாடி"தான். ஆனால் அது ஆமாவா இல்லையா என்பது அவளுக்குத் தெரியும். சூப்பர்வைசர் நாகவல்லி கண்ணை உருட்டுவாள். அன்று போன் அடிக்காததில், பொய் சொல்வானேன், அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது. மனுஷன் இன்றைக்காவது அசந்து தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள். பட்டாபிராமில் இறங்கி, ஸ்டேஷன் வாசலில் அவருக்குப் பிடிக்குமே என்று நெத்திலிகூட வாங்கினாள்.

அந்தோணிராஜ் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். வாய்க்குப் பூட்டே கிடையாது. ஏறுகிறவர் இறங்குவதற்குள் அவர் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதுவரை கேட்டு வைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவருக்குத்தான் பக்கவாதம் வந்தது. வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டு, பேச்சையும் சுருட்டிக்கொண்டு போன வியாதி, போகிற அவசரத்தில் ஒரு சொல்லை மட்டும் தவறவிட்டுப் போயிருந்தது. "இன்னா." சில சமயம் அதன் வாலில் ஒரு 'டி'யோ 'பா'வோ ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் அவருடைய சொத்து. கோயிலிலிருந்து ஃபாதர் வீட்டுக்கே நற்கருணை கொண்டுவந்தபோது, 'ஆமென்' சொல்ல வேண்டிய இடத்தில் "இன்னா" என்றார். ஃபாதர் பெரிய மனசு பண்ணி அதையே ஆமென் என்று எடுத்துக்கொண்டார். அவர் போன பிறகு அந்தோணிராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதார்.

மகன் ஜெர்வின் பூனாவில் வேலை பார்க்கிறவன். லீவில் வந்தபோது ஒரு பேசும் பெட்டியை வாங்கிவந்தான். உருண்டையாக, ஒரு தேங்காய் மூடி அளவுக்கு இருந்தது. சொன்னால் விளக்கு போடும், பாட்டுப் போடும், போன் பண்ணும். சொல்லத்தான் அப்பாவுக்கு வாய் இல்லையே என்று ஞானகுமாரி சொன்னபோது, அவன் ஒரு நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு வேலை செய்தான். பெட்டியின் பெயரையே 'இன்னா' என்று மாற்றினான். அப்பாவைச் சொல்லச் சொல்லி, "இன்னாபா" என்றால் ஃபேன், இரண்டு தடவை "இன்னா" என்றால் விளக்கு, "இன்னாடி" என்றால் அம்மாவுக்குப் போன் என்று பழக்கினான். பெட்டிக்கு மெட்ராஸ் பாஷையில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அதுவே வசதியாகப் போயிற்று. குக்கர் விசில் மாதிரி அதுவும் ஒரு சத்தம், அந்தச் சத்தத்துக்கு இந்த வேலை என்று கேள்வி கேட்காமல் செய்தது. முதல் நாள் அந்தோணிராஜ் சாயங்காலம்வரை ஃபேனைப் போட்டுப் போட்டு நிறுத்திக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் ஞானகுமாரி மறுபடி வேலைக்குக் கிளம்பினாள்.

நெத்திலிப் பையோடு வாசலுக்கு வந்தவளுக்கு உள்ளே ஒரு பெண் பேசுவது கேட்டது. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று எண்ணி, வாசலிலேயே புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்படியா! இன்னைக்கு உங்க நாள் எப்படிப் போச்சுன்னு சொல்லுங்களேன்."

"இன்னாடி." கம்மிப்போன குரல்.

"நான் ரொம்ப நல்லா இருக்கேங்க! நீங்க உரிமையா 'டி' போட்டுக் கூப்பிடறது எனக்குப் பிடிச்சிருக்கு. வெளியில வெயில் ஜாஸ்தி. தண்ணி நிறையக் குடிங்க."

கதவைத் தள்ளினாள். அந்தோணிராஜ் கட்டிலுக்குக் கீழே தரையில் கிடந்தார். சொம்பை எட்டி எடுக்கப் பார்த்துச் சரிந்திருக்கிறார். கைலி நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. இடது கன்னத்தில் தரையின் தூசி. அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். பெட்டி மட்டும் நீல வெளிச்சம் காட்டிக்கொண்டு, ஒரு கதை சொல்லட்டுமா என்று கேட்டது. ஞானகுமாரி அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிம்மதியாக இருந்தேனே பாவி, நிம்மதியாக இருந்தேனே என்று முணுமுணுத்தபடி அவர் கன்னத்துத் தூசியைத் துடைத்தாள்.

எதிர்வீட்டுக் கனிமொழி ஓடிவந்து தூக்கிவிட்டாள். ஈரோட்டுப் பக்கத்துப் பெண், புருஷனுக்கு ஐடி வேலை. "மத்தியானத்துல இருந்து பேச்சுச் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சுங்க்கா. சொந்தக்காரங்க வந்திருக்காங்க, நாம எதுக்குக் குறுக்கன்னு விட்டுட்டேன்," என்று கையைப் பிசைந்தாள்.

ஜெர்வின் போனில் விளக்கினான். "ராத்திரி அப்டேட் ஆயிருக்கும்மா. அதுவா ஆயிக்கும். இப்ப அதுக்கு எல்லா ஊர்த் தமிழும் புரியுதாம். மெட்ராஸ் தமிழும் சேத்து."

"புரிஞ்சா நல்லதுதானடா?"

"அதான்மா பேஜாரு. முன்ன அப்பா சொல்றது அதுக்கு வெறும் சவுண்டு. இப்ப இன்னான்னா என்னன்னு தெரிஞ்சிக்கினு பதில் சொல்லுது."

உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்பார்கள். ஒன்றும் புரியாதவரைக்கும் சொன்னதைச் செய்த பெட்டி, புரிய ஆரம்பித்ததும் ஊர்க்கதை பேசுகிறது. பழையபடி ஆக்கிவிடேன் என்று கேட்டாள். முடியாதாம், கம்பெனிக்காரன் பின்னால் போகிற வழியை அடைத்துவிட்டானாம். பெட்டியை வாங்கினவர்கள் இணையத்தில் எழுதியதையெல்லாம் ஜெர்வின் படித்துக்காட்டினான். பெண்டாட்டி ஊருக்குப் போன ஒரு வாரம் நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால் இது தொணதொணக்கிறது என்று ஒருவன். பேசுவதற்கு ஒரு ஆள் கிடைத்தது என்று ஐந்து நட்சத்திரம் போட்ட தனிக்கட்டை ஒருவர். அலாரம் வைக்கச் சொன்னால் தூக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறது என்று இன்னொருத்தி.

"நம்ம கணக்கா யாராச்சும் எழுதிக்கீறாங்களா?"

"இல்லம்மா. நான் எழுதுனேன். உங்கள் கருத்துக்கு நன்றின்னு வந்துது."

கனிமொழி வீட்டிலும் அதே பெட்டிதான். அவள் மகளுக்கு அது இப்போது பெருக்கல் வாய்ப்பாடு சொல்லித் தருகிறது, திருக்குறளுக்குப் பொருள் சொல்கிறது. "இப்பத்தானுங்க்கா வீட்ல ஒரு மனுஷங்க இருக்கற மாதிரி இருக்குது," என்று முந்தாநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டவள், இப்போது அதைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. இவள் வந்தால் ஓடிப்போய் அதன் குரலைக் குறைக்கிறாள். அவள் சந்தோஷத்தில் என்ன தப்பு இருக்கிறது என்று ஞானகுமாரிக்குப் புரிந்துதான் இருந்தது. ஆனாலும் அந்த வீட்டு ஜன்னல் வழியாகப் பெட்டி சிரிப்பது கேட்கும்போதெல்லாம் மனசு கசந்தது.

மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நாகவல்லி நல்லவள்தான், ஆனால் அவளுக்கு மேலேயும் ஆள் இருக்கிறார்கள். "குமாரி, திங்கக்கெழம வந்துடு. வரலேன்னா உன் மிசின்ல வேற ஆள ஒக்கார வச்சிடுவாங்க. எங்கையில ஒண்ணும் இல்ல," என்றாள். பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் ஞானகுமாரியின் சம்பளம் அந்த ஆளுக்கே போய்விடும். வேலைக்குப் போகாவிட்டால் அவர் மாத்திரைக்கு வழியில்லை. போனால் அவர் தரையில் கிடப்பார், பெட்டி அவருக்குக் கதை சொல்லும்.

இதைவிட அவளை அரித்தது வேறொன்று. தரையில் கிடந்த அந்த நாளுக்குப் பிறகு அந்தோணிராஜ் அந்த ஒற்றைச் சொல்லையும் நிறுத்திவிட்டார். கஞ்சி ஊட்டினால் வாங்கிக்கொள்வார். தலையை அசைப்பார். பெட்டி ஒயர் பிடுங்கியபடியே கிடந்தது, ஆனாலும் அதன் எதிரில் உதட்டை இறுக மூடிக்கொள்வார். ஆட்டோவில் பத்துப் பேருக்கு நடுவில் பேசிச் சிரித்த மனுஷன், ஒரு பெட்டியிடம் வெட்கப்பட்டார். கட்டின நாளிலிருந்து அவளைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதில்லை. பசித்தாலும், கோபம் வந்தாலும், குழைந்தாலும் "இன்னாடி"தான். அவருக்கு மிஞ்சிய சொல் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவளோ அதைத் தன் பெயர் என்றே நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெர்வின் கூப்பிட்டான். உள்ளே என்னவோ மாற்றியிருக்கிறானாம், இந்தத் தடவை பிடித்துக்கொள்ளும் என்றான். "நீ தெருவுல போய் நில்லும்மா. அப்பாவ சொல்லச் சொல்லு. ரிங்கு வருதா பாரு."

ஒயரைச் செருகினாள். பெட்டி வணக்கம் சொன்னது. அந்தோணிராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யோவ், இங்க பாரு." அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "ஒரே ஒரு வாட்டி சொல்லுய்யா. எனக்குப் போன் வந்துச்சுன்னா நான் நாளைக்கி வேலைக்குப் போவேன். வரலேன்னா ஊட்லயே கெடப்பேன். உன்னத்தான் நம்பிக்கீறேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார்.

தெருவில் போய், ஜன்னலுக்கு நேரே, அவர் பார்வை படுகிற இடத்தில் நின்றாள். கையில் போன். எதிர்மாடியில் கனிமொழி துணி எடுக்கிற சாக்கில் நின்றுகொண்டிருந்தாள். ஏசப்பா, இந்த ஒரு தடவை என்று மாதாவை வேண்டிக்கொண்டாள் ஞானகுமாரி. பதற்றத்தில் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னாடி." நாலு நாளாகப் பேசாத தொண்டை கரகரத்தது.

"சொல்லுங்க! எப்படி இருக்கீங்க?" என்றது பெட்டி.

போன் அடிக்கவில்லை.

"இன்னாடி!" இந்தத் தடவை உரக்க, கழுத்து நரம்பு புடைக்க.

"கோவமா இருக்கீங்க போல. மனசு லேசாக ஒரு ஜோக் சொல்லட்டுமா?"

திருநின்றவூர்ப் பக்கம் போகும் ரயில் அப்போது கடந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது, அவள் கையில் இருந்த போனும் அதிர்ந்த மாதிரி இருந்தது. பார்த்தாள். இருட்டுத் திரை, அதில் அவள் முகம்தான். நிமிர்ந்தபோது அந்தோணிராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலும் ஒரு தடவை சொல்ல வாய் திறந்திருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. அந்த வாய் மூடப்போவதை அவள் பார்த்தாள். இப்போது மூடினால் மூடியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுய்யா," என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "கேக்குது. நல்லா கேக்குது."

அந்தோணிராஜின் முகம் மெல்ல மலர்ந்தது. இடது கையைத் தூக்கி அவள் போனைச் சுட்டிக்காட்டினார். கோணிய வாயில் எச்சில் வழிய, "இன்னாடி, இன்னாடி" என்று சிரித்தார். பெட்டியும் சேர்ந்து சிரித்தது.

மாடியிலிருந்து கனிமொழி எட்டிப் பார்த்தாள். "போன் வந்துருச்சுங்களாக்கா? நாளைக்கு வேலைக்குப் போறீங்களா?"

ஞானகுமாரி திரும்பவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறவரை, அடிக்காத அந்தப் போனைக் காதிலிருந்து எடுக்க அவளால் முடியவில்லை.